ஆர்சி விமானம் ஓட்டப் பழக எந்த வழி? குமரிக் காற்றில் ஒரு கணக்கு

என் அக்கா மகன் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். திருவிழாக் காசு, மாமாமார் கொடுத்த காசு என்று சேர்த்து 12,000 ரூபாய் வைத்திருக்கிறான். “மாமா, பிளேன் ஓட்டப் படிக்கணும். முதல்ல எத வாங்கட்டும்?” என்று போன வாரம் போனில் கேட்டான். வாட்ஸாப்பில் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியை என்னிடம் வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

ஆர்சி என்றால் ரேடியோ கன்ட்ரோல். அப்படி ரிமோட்டில் பறக்கிற சின்ன விமானத்தை ஓட்டப் பழக இன்றைக்கு நம் ஊரில் நான்கு வழிகள் உண்டு. கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் வைத்துப் பழகலாம். பெட்டியைப் பிரித்து இறக்கையை மாட்டியதும் பறக்கிற ரெடிமேட் விமானம் வாங்கலாம். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் கியரோ இருக்கிறது, அதுவே விமானத்தைச் சமன்படுத்தும். ஃபோம் போர்டு வாங்கி நாமே வெட்டி ஒட்டிச் செய்யலாம். இல்லையென்றால், ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, அவர் ரிமோட்டோடு நம் ரிமோட்டைக் கேபிளில் இணைத்துப் படிக்கலாம்.

ஐந்தாவதாக, பால்சா மரத்தில் செய்த எஞ்சின் விமானம் ஒன்று உண்டு. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும். முப்பது வருடத்துக்கு முன்பு எல்லோரும் அதில்தான் பழகினார்கள். இன்று நாகர்கோவிலில் இருந்துகொண்டு அந்த எரிபொருளைத் தேடி அலைவதும், எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் பாதிக் காலையைச் செலவழிப்பதும் புதிதாகப் பழகுகிறவருக்குத் தேவையில்லை. அதை விட்டுவிடலாம்.

எந்த வழியில் போனாலும் விமானம் விழும். ஒரு தடவை இல்லை, பத்துப் பதினைந்து தடவை விழும். அதனால் விலையையும் அழகையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே கேள்வி. விழுந்த விமானம் எத்தனை நாளில் மறுபடி மேலே ஏறும்?

இது எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். நான் பழகத் தொடங்கியது ஒரு மாசிக் கடைசியில். இறச்சகுளம் பக்கத்தில் கும்பப்பூ அறுத்து முடித்த வயல். நாஞ்சில் நாட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களுக்கு நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். பெயரிலேயே அறுக்கிற மாதம் இருக்கிறது. கும்பம் மாசி, கன்னி புரட்டாசி. கன்னிப்பூ அறுத்த கையோடு வயலில் அடுத்த நடவுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடுவார்கள். கும்பப்பூ அறுத்த பிறகுதான் வயல் சில வாரம் காய்ந்து கிடக்கும். விமானம் பழக வருடத்தில் கிடைக்கிற நல்ல நாட்கள் அவைதான். நெல்தாள் முளைத்த மெத்தென்ற தரை, கண்ணுக்கு எட்டிய மட்டும் தென்னை இல்லாத வெளி, காலையில் ஆளும் இருக்காது.

கடையில் வாங்கிய நாலு சேனல் ஃபோம் விமானம், அதாவது ரிமோட்டிலிருந்து நான்கு விஷயங்களைத் தனித்தனியாக இயக்கக்கூடியது, என்னிடம் இருந்தது. கியரோ கிடையாது. காற்றுக்கு எதிராக வீசி எறிந்தேன், ஏறியது. என்னை விட்டு விலகிப் போகிறவரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினால் இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் தள்ளினால் வலது பக்கம். திருப்பி என்னை நோக்கி வரவைத்தேன். இப்போது அதன் இடது என் வலது. என் வலது பக்கம் இருந்த இறக்கை லேசாகத் தாழ்ந்தது. சரிசெய்கிறேன் என்று ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினேன். இன்னும் தாழ்ந்தது. பதறி முழுசாகத் தள்ளினேன். அப்படியே சுருண்டு வரப்பில் மூக்குக் குத்தியது. எறிந்ததிலிருந்து விழுந்தது வரை நாற்பது வினாடி இருந்திருந்தால் அதிகம்.

மூக்கு உடைந்து, மோட்டார் உட்காரும் பிளாஸ்டிக் தட்டு விரிந்துபோயிருந்தது. அந்தத் தட்டு நாகர்கோவிலில் எங்கேயும் இல்லை. ஆர்டர் போட்டு, கூரியரில் தப்பான அளவு வந்து, திருப்பி அனுப்பி, சரியானது வந்துசேர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. திரும்ப வயலுக்குப் போனபோது உழவு தொடங்கியிருந்தது. ஒரு பருவத்தில் நான் பறந்தது அந்த நாற்பது வினாடிதான். அன்றிலிருந்து எந்த விமானத்தைப் பார்த்தாலும் இது உடைந்தால் மீனாட்சிபுரம் கடைத்தெருவில் கிடைக்கிற சாமானை வைத்துச் சரிசெய்ய முடியுமா என்றுதான் பார்க்கிறேன்.

சிமுலேட்டர்

மேலே சொன்ன இடது வலது குழப்பத்துக்கு சிமுலேட்டரைப் போல மருந்து இல்லை. விமானம் நம்மை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். வாழை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முட்டுக் கொடுப்போம் இல்லையா, அப்படித்தான். தாழ்ந்த இறக்கைக்கு ஸ்டிக்கால் முட்டுக் கொடுங்கள். இதைச் சொல்லிக் கேட்டால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். பெருவிரலுக்குப் புரிய நூறு தடவை வேண்டும். அந்த நூறு தடவையும் வயலில் விழுந்து எழுந்து படித்தால் காசும் போகும், மனசும் விட்டுப்போகும். கம்ப்யூட்டரில் விழுந்தால் ஒரு பட்டனை அழுத்தினால் புது விமானம்.

பிகாசிம் என்ற சிமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. ரியல்ஃப்ளைட் காசு கொடுத்து வாங்குவது. அதில் காட்சிகள் நன்றாக இருக்கும். பழக பிகாசிம் போதும். ஆனால் போன் திரையில் விரலால் தேய்த்துப் பழகாதீர்கள். அதில் படிப்பது கைக்கு உதவாது. நாளைக்கு வயலில் பிடிக்கப்போகிற அதே ரிமோட்டை யுஎஸ்பி டாங்கிள் வழியாகக் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். டாங்கிள் சில நூறு ரூபாய்தான். அதாவது சிமுலேட்டர் வழியில் போகிறவரும் முதலில் வாங்க வேண்டியது நல்ல ரிமோட். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அதிகம் பார்ப்பது ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6. ஆறு சேனல், 2.4 கிகாஹெர்ட்ஸ், விமானத்துக்குள் சிக்னலை வாங்குகிற ரிசீவரோடு சேர்த்து சுமார் 5,000 ரூபாய். விமானம் மாறினாலும் ரிமோட் கூடவே இருக்கும்.

ரிமோட் வாங்கும்போது மோடு (எந்தக் கை எதை இயக்கும் என்ற ஏற்பாடு) ஒன்றா இரண்டா என்று பாருங்கள். த்ராட்டில் மோட்டார் வேகத்துக்கு, ரடர் வாலில் இருந்து இடம் வலம் திருப்ப, எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்க, எய்லரான் இறக்கையைச் சாய்க்க. மோடு இரண்டில் த்ராட்டிலும் ரடரும் இடது கையில், எலிவேட்டரும் எய்லரானும் வலது கையில். மோடு ஒன்றில் த்ராட்டிலும் எலிவேட்டரும் கை மாறியிருக்கும். இங்கே பெரும்பாலோர் வைத்திருப்பது மோடு இரண்டு. யாரிடமாவது கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அவர் மோடையே வாங்குங்கள். பெருவிரல் ஒன்றைப் படித்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

தினம் அரை மணி நேரம், மூன்று வாரம். முதல் வாரம் வட்டம் மட்டும், இடப்புறமும் வலப்புறமும். இரண்டாம் வாரம் எட்டுப் போடுங்கள். எட்டில்தான் விமானம் வருவதும் போவதும் மாறி மாறி வரும். மூன்றாம் வாரம் இறக்கிப் பழகுங்கள். கடைசி நாட்களில் சிமுலேட்டரில் காற்றின் வேகத்தை மணிக்கு 15 கிலோமீட்டருக்கு ஏற்றி வையுங்கள். நம் மாவட்டத்தில் காற்றில்லாத வானம் கிடைப்பது அபூர்வம்.

சிமுலேட்டர் சொல்லித்தராத விஷயமும் உண்டு. நிஜ வானத்தில் விமானம் ஐம்பது அறுபது மீட்டர் தள்ளிப் போனதும் கறுப்பு நிழலாகத் தெரியும். வருகிறதா போகிறதா என்றே பிடிபடாது. காலையில் கிழக்கு வெயிலைப் பார்த்து நின்றால் கதை முடிந்தது. அதனால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள். இறக்கையின் மேல்பக்கத்துக்கு ஆரஞ்சு, அடிப்பக்கத்துக்குக் கறுப்புப் பட்டை என்று நிறம் பிரித்து ஒட்டிவிடுங்கள். அப்புறம் கை நடுக்கம். நாற்காலியில் இருந்தபோது நடுங்காத விரல் வயலில் நடுங்கும். அது எல்லோருக்கும் உள்ளதுதான், நான்கைந்து தடவை பறந்ததும் போய்விடும்.

கியரோ வைத்த ரெடிமேட்

சின்ன சென்சார் ஒன்று விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும். ஸ்டிக்கை விட்டால் அதுவே நேராக்கும். அளவுக்கு மேல் சாய விடாது. ஹொரைசன் ஹாபி நிறுவனம் இதைச் சேஃப் என்ற பெயரில் தன் விமானங்களில் வைக்கிறது. அவர்களின் ஏரோஸ்கவுட் பழகுகிறவர்களுக்கென்றே செய்தது. ப்ரொப்பெல்லர் இறக்கைக்குப் பின்னால் இருப்பதால் மூக்குக் குத்தினாலும் ப்ராப் தப்பிவிடும். நல்ல யோசனை.

இந்த வழியை நான் குறைத்துப் பேச மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு தொடங்கினார். கண்ணாடி போட்ட கண், கொஞ்சம் மெதுவான கை. கியரோ இல்லாவிட்டால் இரண்டாம் நாளே விட்டிருப்பார். இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பறக்கிறார். வெட்டி ஒட்ட நேரமோ ஆசையோ இல்லாதவருக்கும் இது நேரான வழி.

ஆனால் நம் ஊரில் இதற்கு இரண்டு குறை. ஒன்று, உதிரிபாகம். உடைந்தது ஃபோம் என்றால் ஒட்டிவிடலாம். உள்ளே ரிசீவரும் கியரோவும் ஒரே போர்டில் இருக்கும். அது போனால் வெளியூரிலிருந்து வந்தால்தான் உண்டு. என் மூன்று வாரக் கதை இங்கே திரும்ப வரும். இரண்டாவது, கையளவில் விற்கிற 250 கிராமுக்குக் கீழான குட்டி விமானங்கள். விலை குறைவு, பார்க்க அழகு. எங்கள் காற்றில் அவை பட்டம் மாதிரி பின்னோக்கிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். கியரோ விமானத்தை நேராகத்தான் வைத்திருக்கும். காற்று இழுத்துக்கொண்டு போவதை அதனால் தடுக்க முடியாது. ரெடிமேட் வாங்குவது என்றால் இறக்கை ஒரு மீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள்.

காற்றும் இடமும்

சொந்தமாகச் செய்கிற வழிக்குப் போகும் முன் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேறு ஊரில் எழுதிய அறிவுரை நமக்குப் பொருந்தாமல் போவது இங்கேதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பிதுங்கிக்கொண்டு வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகளை நட்டது அதற்காகத்தானே. ஒரு காற்றாலை சுழலத் தொடங்கவே வினாடிக்கு 3 அல்லது 4 மீட்டர் காற்று வேண்டும். மணிக்கு 11 முதல் 14 கிலோமீட்டர். பழகுகிற விமானத்துக்குக் கிட்டத்தட்ட அதுதான் எல்லை. காற்றாலை அவ்வளவு உயரத்தில் நிற்பதால் தரையில் காற்று அதைவிடக் குறைவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் தோவாளை தாண்டிப் போகும்போது இறக்கைகள் விறுவிறுவென்று சுற்றினால் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தவே வேண்டாம். எங்கள் பக்கம் இன்னொரு அளவு தென்னை. ஓலை நுனி மட்டும் ஆடினால் பறக்கலாம். மட்டையோடு சாய்ந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சாயா குடிக்கப் போகலாம்.

காலை ஆறு முதல் எட்டு வரை நல்ல நேரம். வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழும்பிவிடும்.

காற்றில் பழகுகிறவர்கள் விழுகிற குழி ஒன்று உண்டு. விமானம் காற்றோடு சேர்ந்து போகும்போது தரையிலிருந்து பார்க்கிற நமக்கு அது பறந்தடித்துப் போவது மாதிரி தெரியும். வேகம் அதிகம் என்று நினைத்து த்ராட்டிலைக் குறைப்போம், எலிவேட்டரை இழுப்போம். உண்மையில் இறக்கைக்கு மேல் ஓடுகிற காற்று கூடியிருக்காது. நம் கண்ணுக்குத்தான் கூடியிருக்கும். இறக்கை தூக்குகிற சக்தியை இழந்து விமானம் தொப்பென்று மூக்கைக் கவிழ்க்கும். ஸ்டால் என்கிறார்கள். நான் பார்த்த க்ராஷ்களில் இடது வலது குழப்பத்துக்கு அடுத்தபடி அதிகம் இதுதான். எப்போதும் காற்று வருகிற திசையில், நமக்கு முன்னால், விமானத்தை வைத்துக்கொள்ளுங்கள். எறிவதும் இறக்குவதும் காற்றை எதிர்த்து. மேலே போதிய உயரம் இருந்தால் தப்பு செய்தாலும் திருத்த நேரம் கிடைக்கும்.

கடற்கரை எப்படி என்று பலர் கேட்கிறார்கள். சங்குத்துறை, சொத்தவிளை எல்லாம் அகன்ற மணல்தான், விழுந்தால் உடையாது. ஆனால் உப்புக் காற்று சர்வோவையும் (ரடர், எலிவேட்டரை அசைக்கிற குட்டி மோட்டார்) மோட்டார் பேரிங்கையும் அரிக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கம் இன்னொரு தொல்லை. அங்குள்ள கருமணலில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. ஆலையில் அதைக் காந்தம் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். நம் பிரஷ்லெஸ் மோட்டாருக்குள் இருப்பதும் பலமான காந்தம். ஒரு தடவை மணலில் மூக்குக் குத்தினால் கறுப்புத் துகள் உள்ளே போய் மயிர் முளைத்தது மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது. செல்லோடேப்பைக் குச்சியில் சுற்றி ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைச் செய்தேன்.

முட்டம் பாறை மேல் நின்று கடல்காற்றில் கிளைடர் விடலாம் என்று ஆசை வரும். நன்றாகப் பழகிய பிறகு செய்யலாம். கற்கிற காலத்தில் அங்கே இறக்க இடமில்லை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல்.

தேரூர், சுசீந்திரம் குளங்களின் பக்கம் வேண்டவே வேண்டாம். அவை ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ள பறவைகளின் இடம். கன்னியாகுமரிக் கடற்கரையில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் பார்க்க வருகிற கூட்டத்தின் தலைக்கு மேலேயும் கூடாது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் நமக்கும் பொருந்தும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானத்தைப் பிரித்திருக்கிறார்கள். பச்சைப் பகுதியில் பொதுவாக 400 அடி வரை பறக்கலாம். பக்கத்தில் மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகமும், அந்தப் பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையமும் இருப்பதால் கிழக்கு எல்லையில் உள்ளவர்கள் வரைபடத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். 2 கிலோவுக்குள் உள்ளதைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட விமானி உரிமம் தேவையில்லை. ஆனால் ஊர்க்காரர்களிடமும் வயல்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்பது நம் கடமை. கேட்டு மறுத்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

நாமே செய்வது

என் மனசுக்குப் பிடித்த வழி இது.

ஸ்டேஷனரிக் கடையில் சன்போர்டு என்று கேட்டால் சில இடத்தில் கனமான பிவிசி அட்டையை எடுத்து நீட்டுவார்கள். அது பறக்காது. நமக்கு வேண்டியது இரண்டு பக்கமும் தாள் ஒட்டி, நடுவில் நுரை வைத்த 5 மில்லிமீட்டர் அட்டை. ஓரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பஞ்சு மாதிரி உள்வாங்கினால் அதுதான். ஒரு பக்கத் தாளையும் நுரையையும் மட்டும் கத்தியால் கீறி, மறுபக்கத் தாளை விட்டுவைத்தால் அதுவே கீல் ஆகிவிடும். எலிவேட்டர், ரடர் எல்லாம் இப்படித்தான். ஒட்டுவதற்கு ஹாட் க்ளூ கன். தெர்மாகோலில் செய்கிறவர்கள் சூப்பர் க்ளூவைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். சர்க்கரையில் தண்ணீர் விட்டது மாதிரி கரைந்துவிடும்.

இறக்கை மேலே இருக்க வேண்டும். நீளம் 110 அல்லது 120 சென்டிமீட்டர், அகலம் 20. இரண்டு பாதியையும் நடுவில் லேசாக மேல்நோக்கி வளைத்து ஒட்டுங்கள், நுனிகள் நடுப்பகுதியைவிட உயரமாக இருக்கிற மாதிரி. இந்த வளைவுதான் கியரோ இல்லாமலே விமானத்தை நேராக்கும். ஒரு பக்கம் சாய்ந்து வழுக்கத் தொடங்கியதும் தாழ்ந்த இறக்கை காற்றை அதிகமாக வாங்கி மேலே எழும். இப்படிச் செய்தால் எய்லரான் இல்லாமல் மூன்று சேனலே போதும். த்ராட்டில், எலிவேட்டர், ரடர். ரடரை வலது ஸ்டிக்கில் மாட்டிக்கொள்ளுங்கள், பின்னால் எய்லரான் விமானத்துக்கு மாறும்போது விரல் தடுமாறாது. பக்கக் காற்றில் மூன்று சேனல் கொஞ்சம் திணறும், உண்மைதான். அதனால்தான் காலை நேரம்.

2212 அளவு பிரஷ்லெஸ் மோட்டார், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இஎஸ்சி, 9 கிராம் சர்வோ இரண்டு, மூன்று செல் உள்ள லித்தியம் பேட்டரியான 3எஸ் லிப்போ. எல்லாம் சேர்ந்து 700, 800 கிராமுக்குள் நிற்க வேண்டும். இறக்கையை ஒட்டாதீர்கள். உடம்பில் மூங்கில் குச்சி இரண்டைக் குறுக்கே குத்தி, ரப்பர் பேண்டால் கட்டுங்கள். விழுந்தால் இறக்கை உடையாமல் கழன்று போய் விழும். என் பையன் அதைப் பார்த்துத்தான் “அப்பா, பிளேன் சட்டையைக் கழத்திப் போடுது” என்றான்.

எடை சமநிலை எல்லாவற்றையும்விட முக்கியம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 20 சென்டிமீட்டர் இறக்கையில் 5 முதல் 6.5 சென்டிமீட்டருக்குள், இரண்டு பக்கமும் விரல் நுனி வைத்துத் தூக்குங்கள். நேராகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். வால் கனத்த விமானத்தை அனுபவசாலியாலும் ஓட்ட முடியாது. மோட்டாரை ஓட்டும் முன் வைக்கோல் பரப்பின் மேல் கையால் மெதுவாக எறிந்து பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய் வயிறு தேய்த்து இறங்கினால் சரி.

இனி என் ஒரே கேள்விக்கு வருவோம். போன வருடம் என் அட்டை விமானம் ஒன்று தென்னை மண்டையில் போய்ச் சொருகியது. தேங்காய் வெட்ட வந்த பெரியவர் ஏறி எடுத்துக் கொடுத்தார். மூக்கு நசுங்கி, இறக்கை நடுவில் மடங்கியிருந்தது. “மக்கா, இது இனி பறக்குமா?” என்று கேட்டார். வண்டி சீட்டில் வைத்தே மடங்கிய இடத்தில் மூங்கில் குச்சியைப் படுக்கவைத்து, மேலே பேக்கிங் டேப் ஒட்டி, நசுங்கிய மூக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புது அட்டைத் துண்டை ஒட்டினேன். க்ளூ கன்னுக்குப் பக்கத்து பம்பு செட்டில் கரண்ட் எடுத்தோம். அரை மணி நேரத்தில் மேலே போய்விட்டது. “கொள்ளாம்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மரத்துக்குப் போனார்.

குறையையும் சொல்கிறேன். முதல் விமானம் செய்ய இரண்டு மூன்று நாள் பிடிக்கும், கோணலாகத்தான் வரும். இறக்கை ஒரு பக்கம் முறுக்கியிருந்தால் விமானம் அந்தக் கோணலால் இழுக்கிறதா நம் கையால் இழுக்கிறதா என்று புதியவருக்குத் தெரியாது. வயலில் அதிகாலைப் பனி தாளை ஊறவைத்து உரித்துவிடும், அதனால் அடிப்பக்கம் முழுவதும் அகல டேப் ஒட்ட வேண்டும். தெரிந்த ஒருவர் முதல் தடவை பறந்து, கையை எடுத்தாலும் நேராகப் போகும்படி ட்ரிம் வைத்துக் கொடுத்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

ஆசானிடம் படிப்பது

இரண்டு ரிமோட்டையும் கேபிளில் இணைப்பார்கள். ஆசான் கையில் ஒரு சுவிட்ச். அதை அவர் பிடித்திருக்கும்வரை விமானம் நம்முடையது. விட்டால் அந்தக் கணமே அவருடையது. நாம் கவிழ்க்கிற விமானத்தை அவர் எடுத்து நிமிர்த்தி, மேலே ஏற்றி, திரும்பத் தருவார். காசு கொடுத்து வாங்கக்கூடிய எந்தப் பாதுகாப்பும் இதற்கு ஈடாகாது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்த தம்பி. கல்லூரிப் போட்டிக்காக விமானம் செய்து பழகியவன். முதல் நாள் நான் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டிக்கொண்டே இருந்தேன். விமானமும் அப்படியே ஆடியது. “அண்ணே, கைய எடுங்க” என்றான். எடுத்தால் விழுந்துவிடும் என்றேன். “எடுத்துப் பாருங்கண்ணே, நான் இருக்கேன்.” இரண்டு பெருவிரலையும் தூக்கினேன். விமானம் இரண்டு தடவை அசைந்து நேராகி, தன் பாட்டுக்குப் போனது. அதுவரைக்கும் நான் விமானத்தை ஓட்டிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அது பறக்கத் தெரிந்த பொருள், எங்கே போகவேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும் என்பது அந்த மூன்று வினாடியில் தெரிந்தது. சிமுலேட்டரில் அத்தனை மணி நேரம் இருந்தும் இது எனக்கு எட்டவில்லை.

சிக்கல் ஒன்றுதான், ஆசான் கிடைக்க வேண்டும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உள்ள வசதி இங்கே இல்லை. ஏரோநாட்டிக்கல் படிக்கிற பிள்ளைகள், என்.சி.சி. விமானப்படைப் பிரிவில் இருந்தவர்கள் என்று விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும். அவர்களுக்கும் பரீட்சை, வேலை என்று இருக்கும். அவர்கள் வருகிற இரண்டு மூன்று காலையை வீணாக்காமல் இருக்க நாம் சிமுலேட்டரில் எட்டுப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஆக, அவன் 12,000 ரூபாய்

இனி அக்கா மகனுக்கே நேராகச் சொல்கிறேன். என் தீர்ப்பு இது. நான்கு வழியில் ஒன்றை மட்டும் எடுக்காதே. ரெடிமேடை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் வரிசையாக எடு. உனக்குப் பதினேழு வயது, கை வேகம் இருக்கிறது, கத்தி பிடிக்கத் தெரியும், கியரோ உனக்குத் தேவையில்லை. பெரியப்பா வயதில் ஒருவர் கேட்டிருந்தால் ரெடிமேடைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

ரிமோட்டும் டாங்கிளும் சேர்ந்து 5,500 போல. மோட்டார், இஎஸ்சி, சர்வோ 2,000. பேட்டரி ஒன்றும் சார்ஜரும் 3,000. அட்டை, க்ளூ, டேப், ரப்பர் பேண்ட் 500. மிச்சம் உள்ளதில் ப்ராப் நான்கு வாங்கு. முதலில் உடைவதும் அடிக்கடி உடைவதும் அதுதான். விலைகள் கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்காதே. முதலில் ரிமோட். சிமுலேட்டரில் மூன்று வாரம் பொறுமையாக உட்கார முடிகிறதா என்று பார்த்துவிட்டு மற்றது.

பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. முழு சார்ஜில் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றாதே. பறந்து இறங்கியபின் 3.5-க்குக் கீழே இருக்கக் கூடாது. ஒரு வாரம் பறக்காவிட்டால் 3.8-இல் வைத்து எடுத்து வை. சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதே. வெயிலில் நிற்கிற பைக் பெட்டிக்குள் வைக்காதே. உப்பிய பேட்டரியை மறுபடி மாட்டாதே. ப்ராப் மாட்டிய விமானத்தை வீட்டுக்குள் பேட்டரியோடு இணைக்கவே இணைக்காதே. அது விரலை வெட்டும். ரிமோட்டை ஆன் செய்தபின்தான் விமானத்தில் பேட்டரி, கழற்றும்போது விமானம் முதலில். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறாயா என்று நான் வந்து பார்ப்பேன்.

தக்கலைப் பக்கம் உங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள ஏலாவில் இன்னும் ஐந்து வாரம்போல வயல் காய்ந்து கிடக்கும் என்று அத்தான் சொன்னார். மூன்று வாரம் சிமுலேட்டர், அதற்குள் இரண்டு ஞாயிறு சேர்ந்து உட்கார்ந்து விமானத்தைச் செய்துவிடலாம். நாலாவது ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் வருகிறேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்தத் தம்பி இப்போது திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறான். போன் பண்ணிக் கேட்டேன், ரயிலில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுடைய ரிமோட்டும் மோடு இரண்டுதான். கேபிள் என்னிடம் இருக்கிறது.